வலிக்காத கால்

எங்கள் கால் பராமரிப்புப் பிரிவுக்கு வரும் முதியவர்களும் அவர்தம் குடும்பத்தினரும் அடிக்கடி கூறும் சொற்றொடர் ஒன்று உண்டு: "வலித்திருந்தால் அப்போதே வந்திருப்போமே." உள்ளங்காலில் ஒரு ரூபாய் நாணயத்தின் அளவுக்குப் புண் இருக்கும். தரையில் படிந்த ஈரக் கறையைக் கண்டு மகளோ மருமகளோ அழைத்து வந்திருப்பார். புண் எப்போது தோன்றியது என்று கேட்டால், பெரும்பாலும் எவராலும் விடை கூற இயலாது. நீண்டகாலமாக நீரிழிவு உடையவர்களின் காலில் வலி இல்லாமை நலத்துக்குச் சான்றாகாது. நரம்பு பழுதுபட்டதனால் வந்த அமைதியாகவும் அது இருக்கலாம். அத்தகைய கால்களை உடைய முதியவர்களுக்காகவும், அவர்களோடு ஒரே கூரையின் கீழ் வாழ்வோருக்காகவும் இக்கட்டுரையை எழுதுகிறோம். பாதத்தைப் பேணுதலும் வீட்டில் விழாமல் காத்தலும் பொதுவாக இருவேறு பாடங்களாகச் சொல்லப்படுகின்றன. உணர்விழந்த காலைப் பொறுத்தவரை அவற்றைப் பிரிக்க இயலாது என்பது எங்கள் கருத்து.

இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் மிகுந்திருக்கும்போது, உடலின் மிக நீண்ட நரம்புகள் முதலில் கெடுகின்றன. கால்விரல்களுக்குச் செல்லும் நரம்புகளே அவை. ஆகவே மரத்துப்போதல் விரல் நுனியில் தொடங்கி, காலுறை அணிந்தது போல மெல்ல மேலேறுகிறது. சிலருக்கு இரவில் எரிச்சலும் குத்தலும் தோன்றும். பலருக்கு எதுவுமே தோன்றாது. தொடு உணர்வோடு இன்னும் இரண்டு கெடுகின்றன. பாதத்தின் சிறு தசைகள் மெலிந்து விரல்கள் வளைகின்றன. உடலின் எடை முழுதும் விரல்களின் அடிமேட்டில் இறங்கி, அங்கே தோல் காய்த்துத் தடிக்கிறது. வியர்வை சுரப்பதும் குறைவதால் தோல் வறண்டு, குதிகாலில் பித்தவெடிப்பு ஆழமாகிறது. தடித்த தோலுக்கு அடியிலும் வெடிப்பின் ஆழத்திலும் புண் பிறப்பது இவ்வாறுதான்.

வலியின் அருமையை மருத்துவ உலகுக்கு உணர்த்தியதில் நம் வேலூருக்கு ஒரு பங்கு உண்டு. 1946ஆம் ஆண்டு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் குறைவதற்குக் காரணம் தேடினார். நோயே சதையை அரிக்கிறது என்று அக்காலத்தில் பலரும் நம்பினர். உணர்வற்ற கைகால்களில் அறியாமல் ஏற்படும் காயங்களும், அக்காயத்தின் மீதே மீண்டும் மீண்டும் விழும் அழுத்தமுமே காரணம் என்று அவர் கண்டார். உறங்கும்போது எலி கடித்ததையும் உணராதவர்கள் அங்கே இருந்தனர். அதனால் நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தனர் என்பது அவர் வரலாற்றில் பதிவாகியுள்ள செய்தி. எலி நடமாடும் வீடுகளில் நீரிழிவு உடையவர்கள் தரையில் படுத்து உறங்கும்போது இன்றும் இது நிகழ்கிறது. கட்டிலில் படுப்பதும், காலுறை அணிந்து போர்த்திக்கொள்வதும், உண்ட பாத்திரங்களை இரவிலேயே கழுவி வைப்பதும் இந்நோக்கில் பாதப் பாதுகாப்பின் பகுதிகளே.

உணர்வு இருக்கிறதா இல்லையா என்பதை நோயாளி தாமே மதிப்பிடக் கூடாது, மதிப்பிடவும் இயலாது. மருத்துவமனையில் மெல்லிய நைலான் இழை ஒன்றைப் பாதத்தின் பல இடங்களில் தொட்டுப் பார்ப்போம். அது வளையும்போது 10 கிராம் அழுத்தமே தரும். கண்களை மூடிக்கொண்டு, தொட்டபோது "ஆம்" என்று சொல்ல வேண்டும். இசைக்கவையை அதிரவிட்டுப் பெருவிரலில் வைத்து அதிர்வையும் சோதிப்போம். சில நிமிடங்களில் முடியும் இச்சோதனையை நீரிழிவு உடையவர் அனைவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் செய்துகொள்ள வேண்டும். உணர்வு குறைந்தவர், முன்பு புண் வந்து ஆறியவர், ஒரு விரலையோ காலையோ இழந்தவர் ஆகியோர் அதைவிட அடிக்கடி வரவேண்டும். முன்பு புண் ஆறிய இடத்திலேயே மீண்டும் புண் வருவது மிக இயல்பு.

பாதத்தைப் பார்த்தல்

காவல் செய்த நரம்பு ஓய்ந்துவிட்டால், அதன் வேலையைக் கண்ணும் கையும் ஏற்க வேண்டும். நாள்தோறும் ஒரு முறை, நல்ல வெளிச்சத்தில், இரண்டு பாதங்களையும் பார்த்தல் என்பதே இக்கட்டுரையில் நாங்கள் கேட்கும் முதன்மையான செயல். மாலையில் பார்ப்பது நல்லது. அன்றைய நாளின் காயம் அன்றே தெரியும். உள்ளங்கால், குதிகால், விரல் இடுக்குகள், நக ஓரங்கள், மெட்டியின் அடி ஆகியவற்றைத் தவறாமல் பார்க்க வேண்டும். மெட்டி இறுகி விரலைச் சுற்றிப் பள்ளம் விழுந்திருந்தால் அதைக் கழற்றிவிடுவதே முறை. கழற்ற மனம் ஒப்பாத தாய்மார்களுக்குத் தளர்வான மெட்டி செய்து தரலாம். விரல் வீங்கும் நாளில் அதுவும் இறுகும் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

முழங்கால் வலி உடைய முதியவருக்குத் தம் உள்ளங்காலைத் தாமே பார்ப்பது எளிதன்று. தரையில் ஒரு கண்ணாடியை வைத்து அதன்மேல் பாதத்தை நீட்டிப் பார்க்கலாம். கண்பார்வையும் குறைந்திருந்தால் அதுவும் பயன்படாது. மற்றொருவர் பார்க்க வேண்டும். இங்கேதான் பல குடும்பங்களில் தயக்கம் குறுக்கிடுகிறது. மருமகள் தம் காலைத் தொடுவதை மாமனார் விரும்புவதில்லை. மகனுக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்று தாய் பாதத்தைப் புடவைக்குள் இழுத்துக்கொள்கிறார். பெரியவர்களின் காலில் விழுந்து வாழ்த்துப் பெறும் வழக்கம் உடைய நாம், அக்காலின் அடிப்பகுதியை ஒருநாளும் பார்ப்பதில்லை என்பது எங்களுக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி. "கால் எப்படி இருக்கிறது அப்பா?" என்று கேட்டால் "நன்றாகத்தான் இருக்கிறது" என்ற விடையே வரும். அவ்விடை பொய்யன்று, அவருக்குத் தெரிந்தது அவ்வளவே. ஆகவே கேட்பதை விடுத்து, "அப்பா, காலை நீட்டுங்கள், எண்ணெய் தடவிவிடுகிறேன்" என்று சொல்லி அமர்வது பயன் தரும். பேரப்பிள்ளைகள் கைப்பேசியில் பாதத்தைப் படம் எடுத்துத் தாத்தா பாட்டிக்கே காட்டுவதும் நல்ல முறை. வாரம் ஒரு படத்தைச் சேமித்து வைத்தால், மாற்றத்தை மருத்துவரும் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

கண்ணால் பார்த்தபின் புறங்கையால் இரண்டு பாதங்களையும் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒரு பாதம் மட்டும் மற்றதைவிடச் சூடாக இருந்தால், புண் எதுவும் இல்லாவிட்டாலும் அது எச்சரிக்கை. உணர்விழந்த பாதத்தில் எலும்புகளும் மூட்டுகளும் வலியின்றியே நொறுங்கத் தொடங்கும் நிலை ஒன்று உண்டு. அது சூடும் சிவப்பும் வீக்கமுமாக வெளிப்படும். சுளுக்கு என்று கருதி உருவிவிடுவதும் தைலம் தேய்த்து நடப்பதும் பாதத்தின் வடிவத்தையே குலைத்துவிடும்.

கழுவுவதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். நாள்தோறும் சாதாரண நீரில் மென்மையான சோப்பிட்டுக் கழுவி, விரல் இடுக்குகளை மெல்லிய துணியால் ஒற்றி உலர்த்த வேண்டும். ஈரம் தங்கும் இடுக்கில் சேற்றுப்புண் வரும். அதன் வெடிப்பு கிருமிகளுக்கு வாயிலாகும். பாதத்தின் மேலும் கீழும் தேங்காய் எண்ணெயோ, மருத்துவர் தரும் களிம்போ தடவலாம்; இடுக்குகளில் தடவக் கூடாது. எண்ணெய் தடவிய காலோடு உடனே எழுந்து நடப்பதும் ஆகாது. நகத்தைக் குளித்தபின், மென்மையாக இருக்கும்போது, நேராக வெட்ட வேண்டும். ஓரங்களைத் தோண்டினால் நகச்சுற்று வரும். தடித்து மஞ்சளித்த நகங்களை வீட்டில் வெட்ட முயலாமல் எங்களிடம் அழைத்து வாருங்கள்.

கால் ஆணியையும் காய்த்த தோலையும் பிளேடால் சீவுவதைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். மருந்துக் கடையில் கிடைக்கும் கால் ஆணிப் பிளாஸ்திரியில் தோலைக் கரைக்கும் அமிலம் உள்ளது. உணர்வுள்ள காலில் அது எரியும்போது நாம் பிய்த்து எறிந்துவிடுவோம். உணர்வற்ற காலில் அது நல்ல தோலையும் சேர்த்துக் கரைத்துக்கொண்டே இருக்கும்.

சூடு

எங்களிடம் வரும் தீப்புண்களில் அடுப்பால் வந்தவை குறைவு. கால் வலிக்கு இதம் என்று வாளியில் ஊற்றிய வெந்நீர், மரத்த காலுக்கு உணர்வு வரட்டும் என்று வைத்த வெந்நீர்ப்பை, மோட்டார் சைக்கிளின் சைலன்சர், பேருந்தில் ஓட்டுநர் அருகே எஞ்சின் மூடியின் சூடு என்பவையே மிகுதி. வெந்நீரைப் பயன்படுத்தியே தீரவேண்டும் என்றால், முதலில் உணர்வுள்ள மற்றொருவர் முழங்கையை அதில் விட்டுப் பார்க்கட்டும். உடற்சூட்டை மீறாத நீரே போதும். பாதத்தை நெடுநேரம் ஊறவைப்பது வேண்டாம்; தோல் பிறகு மேலும் வறளும். வெந்நீர்ப்பையை வீட்டிலிருந்தே அகற்றிவிடுமாறு சொல்வோம். குளிர்ந்த காலுக்குப் பருத்திக் காலுறை போதும். அதன் வாய்ப்பட்டி இறுகாததாகவும், நிறம் வெள்ளையாகவும் இருத்தல் நன்று. கசிவு ஏற்பட்டால் வெள்ளைத் துணியில்தான் உடனே தெரியும்.

சித்திரை, வைகாசி நண்பகலில் கோயில் பிரகாரத்தின் கருங்கல் கொப்புளம் எழுப்பும் அளவுக்குச் சுடும். அப்போது மற்றவர்கள் துள்ளித் துள்ளி நிழலுக்கு ஓடுவார்கள். உணர்விழந்தவர் மட்டும் அமைதியாக வலம் வருவார். வீட்டுக்கு வந்தபின்தான் கொப்புளம் தெரியும். வழிபாட்டை நிறுத்துமாறு நாங்கள் சொல்வதில்லை. விடியற்காலையிலோ பொழுது சாய்ந்தபின்னரோ செல்லலாம். தடித்த காலுறை அணியலாம். ஆனால் பழனிக்கு வெறுங்காலோடு பாதயாத்திரை செல்வதும், திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைச் செருப்பின்றிச் சுற்றுவதும், தீமிதிப்பதும் இக்கால்களுக்கு ஏற்றவை அல்ல. வேண்டுதல் முன்பே செய்யப்பட்டிருந்தால், குடும்பத்தில் வேறொருவர் அதை நிறைவேற்றும் வழக்கம் நம்மிடையே இல்லாததன்று.

வீட்டுக்குள்ளும் செருப்பு

செருப்பை வாசலில் கழற்றுவது நம் பண்பாடு. அதை விடச் சொல்லாமல், வீட்டுக்குள் மட்டும் அணிய ஒரு தனி இணை வைத்துக்கொள்ளச் சொல்கிறோம். பாதத்தில் ஏறிய ஊசி, உடைந்த கண்ணாடி வளையல் துண்டு, குண்டூசி ஆகியவற்றை நாங்கள் எடுத்த நோயாளிகளுள் பலர் அன்று வீட்டு வாசலையே தாண்டாதவர்கள். தொழுநோயாளிகளுக்கெனப் பயன்பாட்டுக்கு வந்த மென்மையான ரப்பர் தளமுடைய எம்.சி.ஆர். செருப்பு இப்போது நீரிழிவு உடையோருக்கும் கிடைக்கிறது. உள்ளே மென்மை, அடியில் முள் ஏறாத உறுதி, பின்புறம் குதிகாலைப் பிடிக்கும் பட்டை ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். விரலிடுக்கில் வார் ஓடும் ஹவாய் செருப்பு இரண்டு வகையில் தீங்கு செய்கிறது. இடுக்குத் தோலை அறுக்கிறது; காலிலிருந்து நழுவினாலும் உணர்வற்றவருக்குத் தெரிவதில்லை. ஒரு செருப்போடு அறை முழுதும் நடந்து, மற்றது எங்கே என்று தேடும் முதியவரைக் கண்டு வீட்டார் சிரிப்பதுண்டு. சிரிக்க வேண்டிய நேரம் அன்று அது.

புதுச் செருப்பை மாலையில், பாதம் சற்றே உப்பியிருக்கும் வேளையில் வாங்குங்கள். முதல் சில நாள்கள் அரைமணி, ஒருமணி என்று மட்டுமே அணிந்து, கழற்றியதும் சிவந்த இடம் உண்டா என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் அணியும் முன் தலைகீழாகத் தட்டி, உள்ளே கையை விட்டுத் தடவ வேண்டும். சிறுகல்லும், அடித்தளத்தைத் துளைத்து ஏறிய கருவேல முள்ளும், சில நேரம் தேளும் கையில் தட்டுப்படும்.

கட்டிலிலிருந்து குளியலறை வரை

கால் தரையை உணராதபோது உடல் சமநிலையைக் கண்ணைக் கொண்டே காக்கிறது. அதனால்தான் இருட்டில் இவர்கள் தள்ளாடுகிறார்கள். முகம் கழுவக் கண்ணை மூடியதும் சாய்ந்துவிடுவோரும் இவர்களே. இரவில் சிறுநீர் கழிக்க எழுந்து செல்லும் அந்தப் பதினைந்து அடித் தொலைவே முதியவரின் நாளில் மிக ஆபத்தான பயணம் என்று கருதுகிறோம். ஒருநாள் இரவு, விளக்கை அணைத்துவிட்டு, வீட்டார் ஒருவர் அப்பாதையைத் தாமே நடந்து பார்க்க வேண்டும். நாற்காலியின் கால், சுருண்ட மிதியடி, மின்விசிறியின் ஒயர், நிலைப்படி, பேரனின் பொம்மை என்று தடுக்கியவை எல்லாம் காலையில் இடம் மாறிவிடும்.

படுத்தவர் எழுந்தவுடன் நிற்கக் கூடாது. கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் அமர்ந்து, கணுக்காலைச் சிலமுறை மேலும் கீழும் அசைத்தபின் எழ வேண்டும். இரத்த அழுத்த மருந்து உண்போருக்கும், நெடுநாள் நீரிழிவு உடையோருக்கும் எழும்போது அழுத்தம் தாழ்ந்து தலை சுற்றுவது உண்டு. இன்சுலின் போடுபவருக்கு வியர்வையும் நடுக்கமும் சேர்ந்திருந்தால் சர்க்கரை தாழ்ந்திருக்கக்கூடும். கட்டிலருகே சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்கட்டும். கையெட்டும் தூரத்தில் விளக்குச் சுவிட்சும், மின்தடைக்கு ஒரு டார்ச்சும், கட்டிலடியில் அந்த வீட்டுச் செருப்பும் இருந்தால் பாதிப் பயணம் பாதுகாப்பானது.

நம் வீடுகளில் குளியலறைத் தரை மற்ற அறையைவிட ஓரங்குலம் இரண்டங்குலம் தாழ்ந்திருக்கும். அவ்விளிம்பில் மஞ்சள் நிற நாடா ஒட்டுங்கள். தண்ணீர்க் குழாயையும் துண்டு போடும் கம்பியையும் பிடித்து எழுவது வழக்கமாகிவிட்டது. அவை மனித எடைக்காகப் பொருத்தப்பட்டவை அல்ல. சுவரில் ஆழமாகத் திருகிய கைப்பிடி ஒன்று கழிப்பறைக்கு அருகிலும், ஒன்று குளிக்கும் இடத்திலும் வேண்டும். நின்று குளிப்பதைவிட அமர்ந்து குளிப்பது நல்லது. ஆனால் இலேசான பிளாஸ்டிக் முக்காலி ஈரத்தரையில் வழுக்கும், ஆதலால் அடியில் ரப்பர் பிடிப்புள்ள கனமான நாற்காலியைத் தேர்ந்தெடுங்கள். உட்புறத் தாழ்ப்பாள் போடாமலிருப்பதும், கதவு வெளிப்புறமாகத் திறப்பதும் நன்று. உட்புறம் திறக்கும் கதவின் பின்னால் ஒருவர் விழுந்து கிடந்தால், அவருடைய உடலே கதவைத் தடுத்துவிடும்.

எண்ணெய்க் குளியல் நாளைத் தனியாகச் சொல்ல வேண்டியுள்ளது. நல்லெண்ணெய் வழிந்த உள்ளங்கால், சீயக்காய் நுரை, ஈர டைல்ஸ் ஆகிய மூன்றும் சேர்ந்தால் இளைஞர்களே நிற்பது கடினம். எண்ணெயை நாற்காலியில் அமர்ந்தபடி தலைக்கும் உடலுக்கும் மட்டும் தேய்த்து, பாதத்தை விட்டுவிடலாம். அன்று ஒருவர் அழைக்கும் தொலைவில் இருக்க வேண்டும். குளித்தபின் தரையைச் சோப்பிட்டுக் கழுவித் துடைக்க வேண்டும்.

பரணில் உள்ளதை எடுக்க ஸ்டூலில் ஏறுவது, தரையைத் தொடும் வேட்டியோடு படியிறங்குவது, பக்கத்தில் உள்ளதைப் படிப்பதற்கான கண்ணாடியோடே படியிறங்குவது ஆகியவற்றையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர் பல வாரம் படுத்த படுக்கையாகும்போது பாதத்துக்கு அடுத்த ஆபத்து தொடங்குகிறது. அசையாத குதிகால் மெத்தையில் அழுந்தி, முதலில் சிவந்து, பின்பு கறுத்துப் புண்ணாகும். அவருக்கோ அதுவும் வலிக்காது. கெண்டைக்காலின் கீழ் நீளவாக்கில் தலையணை வைத்து, குதிகால் எதையும் தொடாமல் மிதக்கும்படி வைக்க வேண்டும். போர்வையை நாள்தோறும் விலக்கிப் பார்க்காமல், முகத்தை மட்டும் துடைத்துவிட்டுச் செல்லும் பராமரிப்பு முழுமையாகாது.

காயம் கண்டால்

தோல் எங்கே கிழிந்திருந்தாலும், கொப்புளம் எழுந்திருந்தாலும், அன்றோ மறுநாளோ காட்டிவிடுங்கள். சிவப்பு பரவுதல், வீக்கம், சீழ், துர்நாற்றம், கறுத்த தோல், காய்ச்சல், காரணமின்றிச் சர்க்கரை திடீரென உயர்தல் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் இரவென்றும் பாராமல் அவசரப் பிரிவுக்கு வர வேண்டும். பாதத்தில் கிருமி ஏறினால் சில நாள்களுக்குள் எலும்பைத் தொடக்கூடும். காலைக் காப்பதா உயிரைக் காப்பதா என்ற கேள்வி அப்போது எழும். அக்கேள்வியைக் குடும்பத்தினரிடம் கேட்பதைவிடக் கடினமான பணி எங்களுக்கு வேறில்லை.

வரும்வரை காயத்தைத் தூய நீரில் கழுவி, உலர்ந்த காஸ் துணியால் தளர்வாக மூடுங்கள். மஞ்சள்தூள், காப்பித்தூள், சுண்ணாம்பு, மாத்திரையை உடைத்த பொடி ஆகியவற்றைப் போட வேண்டாம். அவை புண்ணை மறைக்கும், ஆற்றமாட்டா. எல்லாவற்றையும்விட முக்கியமானது, அக்காலை ஊன்றி நடக்காதிருத்தல். ஊன்றும் ஒவ்வோர் அடியும் புண்ணை மீண்டும் மிதிக்கிறது. மருந்தும் கட்டும் சரியாக இருந்தும் ஆறாத புண்கள் பலவற்றில், நோயாளி வலி இல்லாததால் வழக்கம்போல் நடந்துகொண்டிருந்தார் என்பதே காரணமாக அமைகிறது.

நடக்கும்போது கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து, நின்றால் வலி விடுமானால், அது இரத்த ஓட்டக் குறைவின் அடையாளம். பீடி, சிகரெட் பிடிப்போருக்கு இது மிகுதி. பிடிப்பதை நிறுத்துவது பாதத்துக்குச் செய்யும் மருத்துவமே ஆகும். இரத்த ஓட்டம் குறைந்த காலில் சிறு கீறலும் ஆற மறுக்கும்.

எங்கள் பிரிவுக்கு வரும்போது வீட்டில் அணியும் செருப்பையும் வெளியில் அணியும் செருப்பையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். அவற்றின் உட்புறத் தேய்மானத்தைப் பார்த்தால், பாதத்தில் அழுத்தம் மிகுதியாக விழும் இடம் எங்களுக்குத் தெரியும். உண்ணும் மருந்துகள் அனைத்தையும், அண்மையில் பார்த்த சர்க்கரை அளவுகளையும், பாதத்தின் படங்கள் உள்ள கைப்பேசியையும் கொண்டு வாருங்கள். வீட்டில் நாள்தோறும் பாதத்தைப் பார்ப்பவர் எவரோ, அவரும் உடன் வரட்டும்.